வாட்டும் பீங்கானும்: எக்கோ சவுண்டர் பொருத்துநரின் அனுபவக் குறிப்புகள்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையிலுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வலை முடிவோருக்கும் படகுத் தச்சர்களுக்கும் எஞ்சின் மெக்கானிக்குகளுக்கும் போலவே, விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் என்னும் மீன் காட்டும் கருவியைப் பொருத்துவோருக்கும் ஆண்டின் மிக நெருக்கடியான பருவமாகும். கேபினில் இருக்கும் திரையை எந்த நாளிலும் கழற்றி வேறொன்றை மாட்டலாம். ஆனால் படகின் அடிப்பலகையைத் துளைத்துப் பொருத்தப்படும் டிரான்ஸ்டியூசரை, அதாவது மின்துடிப்பை ஒலியாக்கி நீருக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை மீண்டும் மின்துடிப்பாக்கித் தரும் உறுப்பை, படகு கரையேற்றப்பட்டிருக்கும்போதுதான் மாற்ற இயலும். இதன் விளைவாக ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரே நிலை காணப்படுகிறது: திரைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகின்றன, அடியிலிருக்கும் டிரான்ஸ்டியூசரோ படகு கட்டிய நாளில் வைத்ததாகவே இருக்கிறது. பொருத்துநரிடம் வரும் முறையீடுகளில் பெரும்பாலானவை இந்த வயது வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

மீன் காட்டும் கருவி என்பது ஒன்றல்ல, ஓர் இணை. மேலே இருக்கும் பெட்டி மின்துடிப்பை உண்டாக்குகிறது, எதிரொலியைப் பெருக்குகிறது, வண்ணப்படமாக வரைகிறது. கீழே இருக்கும் டிரான்ஸ்டியூசர் கடலோடு பேசுகிறது. ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் 1948-இல் மீன் காட்டும் கருவியை நடைமுறைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தபோது, அவர்களில் மூத்தவர் நாகசாகிப் பகுதியில் மீன்பிடிப் படகுகளுக்கு மின்விளக்கு அமைத்துக் கொடுத்துவந்தவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. இத்தொழில் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிப் படகுக்கு வந்ததன்று. படகின் மின்வேலையிலிருந்தே கிளைத்தது.

டிரான்ஸ்டியூசரின் உள்ளே இருப்பது அழுத்தமின் பீங்கான் வட்டு, அதாவது மின்னழுத்தம் கொடுத்தால் நுண்ணளவு விரிந்து சுருங்குவதும், அழுத்தினால் மின்னழுத்தம் தருவதுமான பீங்கான். ஒவ்வொரு வட்டுக்கும் தன் பருமனையும் விட்டத்தையும் பொறுத்து இயல்பாக அதிரும் வேகம் ஒன்று உண்டு. ஒரு நொடியில் எத்தனை அதிர்வுகள் என்ற அந்தக் கணக்கே அதிர்வெண் எனப்படுகிறது. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள வட்டு, தடிமன் திசையில் 200 கிலோஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. அதே வட்டே, விட்டம் சரியாக அமைந்தால், ஆரத் திசையில் 50 கிலோஹெர்ட்ஸில் அதிர்கிறது. 600 வாட் வகையைச் சேர்ந்த பெரும்பாலான இரட்டை அதிர்வெண் டிரான்ஸ்டியூசர்கள் இந்த ஒற்றை வட்டைக் கொண்டே இரண்டு வேலைகளையும் முடித்துக்கொள்கின்றன. விலை குறைவதற்கு இதுவே காரணம். 50 கிலோஹெர்ட்ஸில் அவற்றின் ஒலிக்கற்றை 45 பாகை அளவுக்கு அகன்று பரவுவதற்கும் இதுவே காரணம்.

வாட் என்ற எண்ணை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் விற்பனைக் கடைகளில் மிகுதியாகத் தவறாகப் படிக்கப்படுவது அதுதான். மின்திறனை இரண்டு வகையாகக் குறிப்பது வழக்கத்தில் உள்ளது. ஒன்று, துடிப்பு நீடிக்கும் நேரத்தில் உண்மையாகச் செலுத்தப்படும் பயனுறு திறன், அதாவது ஆர்.எம்.எஸ். வாட். மற்றொன்று, அலையின் மேல் உச்சிக்கும் கீழ் உச்சிக்கும் இடைப்பட்ட முழு மின்னழுத்தத்தைக் கொண்டு கணக்கிடப்படும் உச்சித் திறன், அதாவது பீக் டு பீக் வாட். இரண்டாவது எண் முதல் எண்ணைப்போல் எட்டு மடங்கு. ஆகவே அட்டைப்பெட்டியில் 4,000 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் கருவி 500 வாட் கருவியேயாகும். 4,800 என்பது 600. 8,000 என்பது ஒரு கிலோவாட். மீன்பிடித் தொழிலுக்கான ஜப்பானியக் கருவிகள் பொதுவாகப் பயனுறு திறனையே குறிப்பிடுகின்றன. பொழுதுபோக்குத் தூண்டிலாளர்களை நோக்கி விற்கப்படும் கருவிகளில் உச்சித் திறன் முன்னிறுத்தப்படுவதுண்டு. ஒரு படகு உரிமையாளர் 600 வாட் கருவியை விட்டுவிட்டு 4,000 வாட் கருவியை வாங்கி வந்து, சக்தி ஏழு மடங்கு கூடியதாக மகிழ்ந்திருக்க, பொருத்துநர் அந்தக் கணக்கைச் சொல்லி முகத்தைச் சுருங்க வைக்க நேர்வது இத்தொழிலின் இன்பமற்ற கடமைகளில் ஒன்று.

பன்னிரண்டு வோல்ட் பாட்டரியிலிருந்து 600 வாட் எப்படி வருகிறது என்ற ஐயம் படகுகளில் அடிக்கடி எழுகிறது. துடிப்பு மிகக் குறுகியது என்பதே விடை. ஒரு மில்லி நொடி நீளமுள்ள துடிப்பை நொடிக்குப் பத்து முறை அனுப்பினால், கருவி நூற்றில் ஒரு பங்கு நேரமே ஒலிக்கிறது. சராசரியாக நீருக்குச் செல்வது ஆறு வாட் மட்டுமே. ஆனால் அந்த ஒரு மில்லி நொடியில் பீங்கான் தாங்க வேண்டிய மின்னழுத்தம் சிறியதன்று. டிரான்ஸ்டியூசரின் மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 200 ஓம் என்று கொண்டால், 600 வாட் செலுத்த 346 வோல்ட் பயனுறு அழுத்தமும், உச்சிக்கு உச்சி ஏறத்தாழ 980 வோல்ட்டும் தேவைப்படுகின்றன. ஒரு கிலோவாட்டுக்கு அது 1,260 வோல்ட்டைக் கடக்கிறது. டிரான்ஸ்டியூசரில் பொறிக்கப்படும் வாட் எண், அது எவ்வளவு வலிமையாக ஒலிக்கும் என்பதைச் சொல்வதன்று; எவ்வளவு வரை தாங்கும் என்பதைச் சொல்வது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் இணை சேர்க்கும் முறை தானே விளங்கிவிடும்.

கருவியின் வெளியீட்டுத் திறன் டிரான்ஸ்டியூசரின் தாங்குதிறனுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கலாம், கூடக் கூடாது. 600 வாட் கருவியோடு ஒரு கிலோவாட் டிரான்ஸ்டியூசரை இணைப்பதில் கெடுதி எதுவுமில்லை என்பதோடு, பின்னர் காட்டப்படுவதுபோல் அது பெரும்பாலும் ஆதாயமாகவே முடிகிறது. மறுபுறம், ஒரு கிலோவாட் கருவியைப் பழைய 600 வாட் டிரான்ஸ்டியூசரோடு இணைத்தால், பீங்கான் தன் அளவுக்கு மீறி விரிந்து சுருங்கிச் சூடேறுகிறது; வட்டும் அதைச் சுற்றிய ரெசினும் மெல்லப் பிரியலாம், பீங்கானில் நுண்ணிய விரிசல் விழலாம், வெப்பத்தால் அதன் அழுத்தமின் பண்பே தளரலாம். இக்கேடு ஒரே நாளில் தெரிவதில்லை என்பதுதான் தொல்லை. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் மாதங்களில் படம் முன்பைவிடப் பளிச்சென்று இருக்கும்; உரிமையாளர் பொருத்துநரைப் புகழ்வார். பிறகு திரையின் மேல்விளிம்பில், துடிப்பு வெளிப்படும் இடத்தைக் காட்டும் பட்டை தடிக்கத் தொடங்கும். ஓட்டுநர் கெயின் குமிழை, அதாவது எதிரொலியைப் பெருக்கும் அளவைக் கட்டுப்படுத்தும் திருகை, நாளுக்குநாள் கூட்டிக்கொண்டே போவார். கடைசியில் திரை முழுவதும் புள்ளி மழையாகும்போது, புதிய கருவிதான் பழுது என்ற முடிவோடு பெட்டி கரைக்கு வரும். பெட்டியில் பழுதே இராது.

இதைத் தவிர்க்கக் கருவியிலேயே வழி வைத்திருக்கிறார்கள். ஃபுருனோவின் எஃப்.சி.வி. 588 போன்ற கருவிகளில் 600 வாட், ஒரு கிலோவாட் என்ற இரு நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இயலும். அடியில் இருப்பது 600 வாட் டிரான்ஸ்டியூசராயின் அதற்குரிய நிலையை நிறுவல் பட்டியலில் குறித்துவிட்டால் துடிப்பு அந்த அளவோடு நின்றுவிடும். அண்மைக்கால டிரான்ஸ்டியூசர்கள் சிலவற்றில் அடையாளச் சில்லு ஒன்று இருப்பதால், பொருந்தும் கருவி தானே அதைப் படித்து அளவைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. எனினும் நிறுவல் பட்டியல் பெரும்பாலும் மறைந்த திரைக்குள் இருப்பதாலும், அவசரத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறவர் அதைத் திறப்பதில்லையாதலாலும், வாங்கியபோது எந்த நிலையில் வந்ததோ அந்த நிலையிலேயே கருவிகள் பல படகுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இனி, வாட்டைக் கூட்டுவதால் உண்மையில் கிடைப்பது எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். ஒலி கீழே செல்லும்போது விரிந்து மெலிகிறது, மீனில் பட்டுத் திரும்பும்போது மறுபடியும் விரிந்து மெலிகிறது. ஆகவே ஒற்றை மீனின் எதிரொலி, ஆழத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் குறைகிறது. இதைத் திருப்பிச் சொன்னால், திறனை இரட்டிப்பாக்கினால் ஒரு மீனைக் காணும் ஆழம் இரட்டிப்பாவதில்லை. 19 விழுக்காடு மட்டுமே கூடுகிறது, கடல்நீர் ஒலியை உறிஞ்சும் இழப்பையும் சேர்த்தால் அதிலும் குறைகிறது. 600 வாட்டிலிருந்து ஒரு கிலோவாட்டுக்குச் செல்வது, ஒலியளவை அளக்கும் டெசிபெல் கணக்கில், 2.2 டெசிபெல் ஏற்றம். பத்து டெசிபெல் என்றால் பத்து மடங்கு, மூன்று டெசிபெல் என்றால் இரண்டு மடங்கு என்று நினைவில் கொண்டால், இது எவ்வளவு சிறிய ஏற்றம் என்பது புலப்படும்.

அப்படியானால், ஒரு கிலோவாட் அமைப்புக்கு மாறிய படகுகளில் ஓட்டுநர்கள் கண்கூடாகக் காணும் முன்னேற்றம் எங்கிருந்து வருகிறது? பீங்கானின் பரப்பிலிருந்து வருகிறது. ஏர்மார் நிறுவனத்தின் பி 744 வி என்னும் 600 வாட் டிரான்ஸ்டியூசரின் கற்றை 50 கிலோஹெர்ட்ஸில் 45 பாகை. அதே நிறுவனத்தின் பி 260 என்னும் ஒரு கிலோவாட் டிரான்ஸ்டியூசரில் அந்த அதிர்வெண்ணுக்கென்றே ஏழு பீங்கான்கள் தனியாக அடுக்கப்பட்டிருப்பதால் கற்றை 19 பாகையாகக் குறுகுகிறது. கற்றை குறுகும்போது அதே ஒலி சிறிய பரப்பில் செறிகிறது. அனுப்பும்போது ஏறத்தாழ ஏழு டெசிபெல், எதிரொலியை வாங்கும்போது இன்னும் ஏழு டெசிபெல் என்று இருமுறை ஆதாயம் கிடைக்கிறது. பதினான்கு டெசிபெல் என்பது இருபத்தைந்து மடங்கு. வாட்டினால் வந்தது இரண்டு மடங்குகூட இல்லை. 600 வாட் கருவியை வைத்துக்கொண்டே அடியில் மட்டும் பெரிய டிரான்ஸ்டியூசரை மாற்றிய படகு, பழைய டிரான்ஸ்டியூசரோடு ஒரு கிலோவாட் கருவியை மாட்டிய படகைவிட நன்றாகப் பார்ப்பது இதனால்தான். எனவே கையிலுள்ள பணம் அளவானது என்றால் அதை நீருக்குக் கீழே செலவிடுவதே முறை என்பது இத்தொழிலில் ஊறியவர்களின் உறுதியான கருத்து. ஆனால் திரையின் அகலம் கண்ணுக்குத் தெரிகிறது, பீங்கான் தெரிவதில்லை என்பதால் அக்கருத்து எளிதில் விலைபோவதில்லை.

குறுகிய கற்றை எங்கும் சிறந்தது என்று சொல்லவும் இயலாது. ஐம்பது மீட்டர் ஆழத்தில் 45 பாகைக் கற்றை கடலடியில் 41 மீட்டர் அகலமுள்ள வட்டத்தைப் பார்க்கிறது. 19 பாகைக் கற்றை 17 மீட்டருக்குச் சற்றுக் குறைவான வட்டத்தைப் பார்க்கிறது. ஆழம் குறைந்த கடலில் கூட்டமாகத் திரியும் மத்தியையும் நெத்திலியையும் தேடுவோருக்கு அகலமே பயன். மாறாக, பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், ஒட்டிக் கிடக்கும் களவாயையும் சங்கராவையும் தேடுவோருக்கு அகன்ற கற்றை ஏமாற்றுகிறது. திட்டின் உச்சியில் பட்ட எதிரொலி முதலில் வந்துவிடுவதால், அதன் சரிவில் கிடக்கும் மீன் பாறையின் எதிரொலிக்குள் புதைந்துவிடுகிறது.

ஆகவே இணையைத் தேர்வது படகு செல்லும் கடலைப் பார்த்துத்தான். பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டருக்கு உட்பட்டது. அங்கே 200 கிலோஹெர்ட்ஸும் சில நூறு வாட்டும் போதுமானவை, அதற்கு மேல் செலுத்துவது பலமுறை எதிரொலித்துத் திரையைக் குழப்பவே செய்யும். கொல்லத்துக்கு அப்பால் 200 மீட்டருக்குக் கீழே ஆழ்கடல் இறாலுக்கு மடி இழுக்கும் படகுகளுக்கும், தூத்தூர் வட்டாரத்திலிருந்து அரபிக்கடலின் தொலைவுக்குச் செல்லும் தூண்டில் படகுகளுக்கும் 50 கிலோஹெர்ட்ஸும் குறைந்தது ஒரு கிலோவாட்டுக்குரிய டிரான்ஸ்டியூசரும் இன்றியமையாதவை, ஏனெனில் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கடல்நீர் பல மடங்கு விரைவாக உறிஞ்சிவிடுகிறது. மீனின் இயல்பும் கணக்கில் வரும். எதிரொலியின் பெரும்பகுதி மீனின் உடலிலுள்ள காற்றுப்பையிலிருந்து வருகிறது. வரிச்சூரைக்கும் கணவாய்க்கும் காற்றுப்பை இல்லையாதலால் அவை திரையில் மங்கலாகவே விழுகின்றன. “சூரை துள்ளுது, எக்கோவுல ஒண்ணும் காணோம்” என்று ஓட்டுநர் சொல்லும்போது கருவியைக் குறை சொல்ல இடமில்லை.

திறன் பொருந்தியும் அதிர்வெண் பொருந்தாத இணைகள் தனி வகை. நன்னீர்த் தூண்டிலாளர்களுக்காகச் செய்யப்பட்ட டிரான்ஸ்டியூசர்களில் 83, 200 கிலோஹெர்ட்ஸ் என்ற இணை பரவலாக உண்டு. அதை 50, 200 கிலோஹெர்ட்ஸ் கருவியோடு எவரேனும் கம்பி சேர்த்து மாட்டிவிட்டால், 200-இல் படம் தெளிவாக இருக்கும்; 50-க்கு மாற்றியவுடன் கடலடிகூடத் தெரியாது. தன் இயல்பான அதிர்வெண்ணுக்கு விலகிய மின்துடிப்பைப் பெறும் பீங்கான் ஒலிப்பதற்குப் பதிலாகத் திறனை வீணாக்குகிறது. ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டுமாக இருக்கும் இத்திரையைக் கண்டவுடனேயே, படகுக்கு அடியில் குனிந்து பார்க்காமலே, தேர்ந்த பொருத்துநர் காரணத்தைச் சொல்லிவிடுவார். மின்மறுப்பு வேறுபாடு இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. இரு நிறுவனங்களின் 600 வாட் உறுப்புகள் எண்ணளவில் ஒன்றாயினும், ஒன்றின் வெளியீடு எதிர்பார்க்கும் ஓம் அளவும் மற்றொன்றின் ஓம் அளவும் வேறாக இருந்தால் திறனில் ஒரு பகுதி நீரை அடையாமலே போகிறது. இதற்காகவே மேட்சிங் பாக்ஸ் என்னும் சிறு மின்மாற்றிப் பெட்டி இடையில் வைக்கப்படுகிறது. விலையைக் கருதி அதைத் தவிர்த்துவிட்டு நேரே கம்பியை முறுக்குவது துறைமுகங்களில் அரிதன்று.

அந்த முறுக்கிய இணைப்புகள் எப்படி இருக்கும் என்பதை ஒருமுறையேனும் பிரித்துப் பார்த்தவர் மறப்பதில்லை. எஞ்சின் அறையின் அடித்தட்டில், டீசலும் உப்புநீரும் கலந்து கறுத்த நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, கருப்பு டேப் சுற்றிய முடிச்சு ஒன்று தொங்கும்; டேப்பைப் பிரித்தால் பிசின் கையில் ஒட்டும், உள்ளே செம்புக் கம்பிகள் பச்சை பூத்து, விரல் பட்டவுடன் பொடியாக உதிரும். வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சலைத் தடுக்கக் கம்பிகளைச் சுற்றி நெய்யப்பட்டிருக்கும் வலைக்கவசம் இருபுறமும் வெட்டப்பட்டு, எதனோடும் சேராமல் ஒதுக்கி மடிக்கப்பட்டிருக்கும். ஆயிரம் வோல்ட் ஓட வேண்டிய வழியும், அதைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறிய எதிரொலி திரும்பி வர வேண்டிய வழியும் அந்த முடிச்சேயாகும். கவசம் இல்லாத அந்தச் சிறு நீளம் போதும், ஆல்டர்னேட்டரின் இரைச்சல் திரையில் சாய்ந்த கோடுகளாக ஏறிவிட. எஞ்சினை நிறுத்தியதும் கோடுகள் மறைந்தால் குறை கம்பியில் உள்ளது, பீங்கானில் இல்லை என்று முடிவு செய்யலாம். வெட்டாமல், சுருட்டி வைத்து, மின்கம்பிகளிலிருந்து விலக்கிக் கொண்டு செல்வதைத் தவிரச் சிறந்த வழி வேறில்லை.

பொருத்தும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மரப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும் வெண்கல உறை, இரும்புப் படகுக்குத் துருப்பிடிக்கா எஃகு. நீரில் ஊறி உப்பும் மரம் நெரித்துவிடும் என்பதால் மரத்தில் பிளாஸ்டிக் உறை ஆகாது. அடிப்பலகையின் சரிவுக்கு ஏற்ப மரக்கட்டையைச் சீவி வைத்து முகத்தை நேர்கீழாக்க வேண்டும். ஒரு கிலோவாட் டிரான்ஸ்டியூசரின் 200 கிலோஹெர்ட்ஸ் கற்றை ஆறு பாகையே ஆகையால், பத்துப் பாகை சாய்ந்தாலே அது படகுக்குக் கீழே பார்ப்பதை விட்டுப் பக்கத்தில் பார்க்கத் தொடங்கும். கற்றை குறுகக் குறுகத் தச்சரின் கையும் நேர்த்தியாக இருந்தாக வேண்டும் என்பதைப் பெரிய டிரான்ஸ்டியூசரை வாங்குவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

படகை நீரில் இறக்குமுன் செய்யும் சோதனையில் காதுக்கும் வேலை உண்டு. மனிதக் காது 200 கிலோஹெர்ட்ஸைக் கேளாது. எனினும் ஒவ்வொரு துடிப்பும் தொடங்கி முடியும் அதிர்ச்சி, டிரான்ஸ்டியூசரின் முகத்தருகே காதை வைத்தால் ‘டிக் டிக்’ என்று மெலிதாகக் கேட்கிறது. சில நொடிகளுக்கு மேல் அதை நீட்டிக்கக் கூடாது, ஏனெனில் நீரில்லாத இடத்தில் ஒலி வெளியேற வழியின்றிப் பீங்கானிலேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. மல்டிமீட்டரின் ஓம் அளவு பீங்கானைப் பற்றி அதிகம் சொல்லாது. நல்ல பீங்கான் நேர்மின்னோட்டத்துக்குத் திறந்த சுற்றுப்போலவே தெரியும், உள்ளே மின்மாற்றி உள்ள வகையோ குறுக்குச் சுற்றுப்போலத் தெரியும். மின்தேக்குத் திறனை அளக்கும் மீட்டரே பயன்படும். புதிதாக இருந்தபோது குறித்து வைத்த எண்ணிலிருந்து அது வெகுவாக விலகினால், பீங்கானிலோ கம்பியிலோ ஏதோ நேர்ந்திருக்கிறது. வெப்பநிலை உணரியை மட்டும் ஓம் மீட்டரால் சோதிக்கலாம். ஏர்மார் வகைகளில் 25 பாகை செல்சியஸில் அது 10,000 ஓம் காட்ட வேண்டும்.

குறித்து வைத்த எண் என்பதுதான் பெரும்பாலான படகுகளில் இல்லாதது. உறையின் மேல் பொறிக்கப்பட்ட வகைப்பெயரும் வாட் அளவும் மரக்கட்டைக்கும் சீலண்டுக்கும் அடியில் போய்விடுகின்றன. கம்பியின் முனையில் தொழிற்சாலை கட்டியனுப்பும் சிறு அட்டையை, பலகையின் துளைக்குள் கம்பியை நுழைப்பதற்காக வெட்டி எறிந்துவிடுவது வழக்கம். இதனால், அடுத்த கருவியை வாங்க வரும் உரிமையாளர் தன் படகின் அடியில் இருப்பது 600 வாட்டா ஒரு கிலோவாட்டா என்ற கேள்விக்கு, கடையில் நின்று கைபேசியில் ஓட்டுநரைக் கேட்கிறார். ஓட்டுநர் முந்தைய ஓட்டுநரைக் கேட்கிறார். வகைப்பெயர், வாட், அதிர்வெண், மின்தேக்கு அளவு, பொருத்திய ஆண்டு ஆகிய ஐந்தையும் ஒரு பித்தளைத் தகட்டில் குத்தி, திரையின் பின்புறமுள்ள இணைப்பானுக்கு அருகில் கம்பியோடு கட்டிவிடுவதைச் சில பொருத்துநர்கள் கூலி வாங்காமலே செய்துவருகிறார்கள், ஏனெனில் அடுத்த தடைக்காலத்தில் அந்தத் தகட்டைத் தேடிக் கேபினுக்குள் குனியப்போவது பெரும்பாலும் அவர்களேதான்.